முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த ஆறு வாரம் அந்த மூட்டு கணவன் கையிலோ மனைவி கையிலோதான் இருக்கிறது. அவ்வப்போது வந்து பயிற்சி சொல்லித்தரும் எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்ட்டுகளின் பங்கு அதில் கொஞ்சம்தான். அந்தத் துணைக்குச் சொல்ல எங்களிடம் ஒன்று உண்டு: பாரத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அசைவை அவரிடமே விட்டுவிடுங்கள். தண்ணீர் கேன், கடைகண்ணி, அடுப்படி, நலம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் காபி, இவையெல்லாம் பாரம். கட்டிலை விட்டு எழுவது, பாத்ரூம் போவது, சாப்பிட உட்காருவது அசைவு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. படுத்திருப்பவர் கணவர் என்றால் தட்டு கட்டிலுக்கே போகிறது. மனைவி என்றால், பத்தாம் நாளே ‘ரசம் மட்டும் வைத்துவிடுகிறேன்’ என்று அடுப்பின் முன் நிற்கிறார். வாக்கர் பிடித்துக் கூடத்தில் நடப்பது பயிற்சி. அடுப்படியில் ஒரு மணி நேரம் நிற்பது பயிற்சியில் சேராது, சாயங்காலம் கால் வீங்குவதுதான் மிச்சம்.

அன்பு செய்யும் தவறுகளில் முதலாவது தலையணை. வீங்கிய மூட்டு லேசாக மடங்கியிருந்தால் உள்ளே அழுத்தம் குறையும், வலியும் அடங்கும். அதனால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகுகிறோம். அவரும் ‘அப்பாடா’ என்கிறார். அந்தச் சுகத்துக்கு விலை உண்டு. மடங்கிய நிலையிலேயே விட்டால் மூட்டின் பின்புறத் தசைகள் இறுகிக்கொள்ளும், கால் முழுதாக நீளாது. நீளாத காலோடு நடப்பவருக்கு ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை கூடுதலாக உழைக்க வேண்டும், நொண்டலும் நிற்காது. தலையணைக்குப் பதில் ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நின்று தானாக நீளட்டும். பத்து நிமிடம் பொறுப்பதே அவருக்குக் கஷ்டம்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது உங்கள் வேலை.

வலியில் இருப்பவரை இப்படிப் படுத்தலாமா என்று கேட்பார்கள். ஓய்வில்தான் புண் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. 1947-லேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிவிட்டார். காலிலிருந்து ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுவது கெண்டைக்கால் தசை. அது சும்மா கிடந்தால் ரத்தம் உறைந்து கட்டிவிடக்கூடும். வலிக்குத் தீர்வு நேரக் கணக்கில் இருக்கிறது: டாக்டர் எழுதிய வலி மாத்திரை பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் உள்ளே போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். (பருப்பும் முட்டையும் சேர்த்தால் சீழ் பிடிக்கும் என்ற பத்தியத்தையும் விட்டுவிடலாம். புண் ஆறப் புரதம் வேண்டும்.)

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான பயம். ஆனால் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால்தான் இருவரும் நிலை தடுமாறுவார்கள். உயரமான, கை வைத்த நாற்காலி போடுங்கள். ஆபரேஷன் செய்த காலைச் சற்று முன்னால் நீட்டி, நாற்காலியின் கைகளை அழுத்தி அவரே எழட்டும். நீங்கள் அந்தக் கால் பக்கம், அரையடி பின்னால் நின்றால் போதும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கெண்டைக்காலில் புது வலி அல்லது வீக்கம், காய்ச்சல், தையலில் கசிவு என்றால் கைவைத்தியம் வேண்டாம், அன்றே டாக்டரைப் பாருங்கள். திடீரென மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள்.

மற்றதெல்லாம் நாளை பார்த்துக்கொள்ளலாம். தலையணையை இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள்.