சட்டைப் பித்தானைச் சுடுவது எப்படி?

உங்கள் சட்டையின் இரண்டாவது பித்தானைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். (இல்லையென்றால் முதலில் அதைத் தைத்துவிட்டு வாருங்கள்.) அதைவிட ஒரு இம்மி சின்னதாக, 10.4 மில்லிமீட்டரில் ஒரு வட்டம். அதை ஐம்பது மீட்டர் தள்ளி, அதாவது இரண்டு ரயில் பெட்டி நீளத்துக்கும் கொஞ்சம் அப்பால் ஒட்டிவிட்டு, இங்கிருந்து சுட வேண்டும். .22 ரைபிள்காரர்கள் 'பத்து' என்று பெருமூச்சோடு சொல்வது அந்த வட்டத்தைத்தான்.

அதைச் சுட ஒரு ரைபிளும் ஸ்கோப்பும் வாங்க எனக்கு எட்டு மாசம் ஆயிற்று. பெண் பார்த்துக் கல்யாணமே நாலு மாசத்தில் முடிந்துவிட்டது.

ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். துப்பாக்கி சுடுவது ராஜா வீட்டு விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1960-லிருந்து 1980-க்குள் ஐந்து ஒலிம்பிக்ஸில் சுட்டவர். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 2024 ஆகஸ்ட் 1-ம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்ஸ், ஐம்பது மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டி. ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளி எடுத்து வெண்கலம் வாங்கினார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். அவர் உத்தியோகத்தையும் சொன்னார்கள்: மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட, நம்மை மாதிரி மாசச் சம்பளக்காரர்!

அடுத்த மாசமே ரைபிள் கிளப்பில் சேர்ந்துவிட்டேன். நாலு மாசம் கிளப் துப்பாக்கியில் சுட்டபின் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்து, வீட்டில் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். மனைவி தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். கெட்ட சகுனம்.

"ஏங்க, ஏழு வயசுப் பையன் இருக்கிற வீடு இது."

"தெரியும்மா..."

"மூணே கேள்வி. எங்க வைப்பீங்க? உங்களைத் தவிர யார் கைக்கு அது போகும்? மாசம் எவ்வளவு ஆகும்?"

அதன்பிறகு துப்பாக்கி வாங்குவது பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். இவ்வளவு சரியான ஆரம்பம் எதிலும் இல்லை. .22 தோட்டா பார்க்க சாக்பீஸ் துண்டு மாதிரி சாதுவாக இருக்கும். உள்ளே இருக்கிற ஈயம் இரண்டரை கிராம் சொச்சம்தான். ஆனால் குறி தப்பினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகக்கூடியது. ஆளைக் கொல்லக்கூடியது. 'சின்ன துப்பாக்கிதானே' என்ற வார்த்தையை எங்கள் கிளப்பில் யாராவது சொன்னால் அன்றைக்கு அவர் சுட முடியாது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்: துப்பாக்கி வீட்டுக்கே வராது. கிளப்பின் ஆயுத அறையில் இரட்டைப் பூட்டு, கையெழுத்து ரிஜிஸ்டர். போல்ட்டைக் கழற்றித் தனியாக வைக்கும் ஏற்பாடு. இப்படிப் பூட்டி வைக்கும் வசதி இல்லாவிட்டால் வாங்குவதில்லை என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். மூன்றாவது கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதுதான் பெரிய செலவு.

ஒரு விஷயம். 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் இருபது ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுவே போதும். லேசான சாமான் என்று நினைக்காதீர்கள். 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012-ல் நம் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் பத்து மீட்டர் காற்று ரைபிளில்தான். அதற்கும் குழந்தை கைக்கு எட்டாத பூட்டு அவசியம். .22 என்பது வேறு கதை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கியாக வேண்டும்.

லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் போலீஸ் விசாரணைக்கு வருவார்கள். வந்தார்கள். தெருவே ஜன்னலுக்கு வந்தது. கீழ் வீட்டு மாமா, "ஏதாவது ப்ராப்ளமா சார்? நமக்கு ஒரு வக்கீல் தெரியும்" என்றார். ஆபீஸில் விஷயம் கசிந்ததும் ஒரு நன்மை. மூன்று வாரமாக மேஜையில் தூங்கிய என் லீவ் லெட்டரில் மானேஜர் மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இனி ரைபிள். எங்கள் வாத்தியார் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நான் விலைப் பட்டியல்களை நீட்டினேன். திறக்கவே இல்லை.

"துப்பாக்கிய கண்ணால பார்க்காதே தம்பி. கன்னத்தால பாரு."

அதாவது, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை மரத்தில் சாய்க்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்தால், கழுத்தை நீட்டாமல் சுருக்காமல் ஸ்கோப்பின் நடுவே பார்வை விழ வேண்டும். விழவில்லையென்றால் அது உங்கள் ரைபிள் இல்லை, எத்தனை லட்சமானாலும். அடுத்தவர் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிற மாதிரி.

இரண்டாவது பரீட்சை, பத்து ரூபாய் நோட்டு. குழலுக்கும் அடியில் இருக்கும் மரத்துக்கும் நடுவே நோட்டைச் செருகி நுனியிலிருந்து பின்னால் இழுக்க வேண்டும். தடையில்லாமல் வந்தால் குழல் எதையும் தொடாமல் நிற்கிறது என்று அர்த்தம். ஓரிடத்தில் உரசினாலும், வெயிலுக்கும் மழைக்கும் மரம் லேசாக அசையும்போது குண்டு போகிற இடமும் அசையும்.

மூன்றாவது, விசை. ட்ரிகர் கடினமாக இருந்தால் விரல் அதை இழுக்காது, முழுக் கையும் இழுக்கும். நல்ல விசை பழைய கேமரா பித்தான் மாதிரி. பாதி அழுத்தினால் ஓரிடத்தில் நிற்கும். அதற்கு மேல் நினைத்தால் போதும்.

ஜெர்மனியில் ஊல்ம் நகரத்து ஆன்ஷூட்ஸ், செக் நாட்டு சி.இஸட். என்று பெயர் பெற்ற கம்பெனிகள் உண்டு. எனக்கு அமைந்தது கிளப்பில் ஒரு மூத்த உறுப்பினர் வைத்திருந்த பழைய ஆன்ஷூட்ஸ். அவருக்கு முதுகு வலி, எனக்குக் கடன் வலி. முறைப்படி என் லைசென்ஸுக்கு மாற்றிக்கொண்டோம். மரத்தில் இரண்டு கீறல். குழலில் ஒன்றுமில்லை. தேய்மானம் கழித்த சொத்தை வாங்குவதில் பி.காம். படித்தவனுக்கு ஒரு தனி சந்தோஷம்.

இப்போது தோட்டா. .22-க்கு 'ரிம்ஃபயர்' என்று பேர். தீபாவளிக்குப் பொட்டு வெடியைச் சுத்தியலால் தட்டுவோமே, அந்த மருந்து பெரிய துப்பாக்கித் தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவில் தனிக் குப்பியில் இருக்கும். .22-ல் அது அடி விளிம்புக்குள்ளேயே தடவியிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். 1887-லிருந்து இந்த .22 லாங் ரைபிள் தோட்டா இப்படித்தான். சல்லிசானது. ஆனால் மற்றத் தோட்டாக்களைப் போல நம் கையால் மருந்து அளந்து சரிபண்ண முடியாது. ஃபாக்டரி என்ன செய்ததோ அதுதான்.

அதனால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்டித் தோட்டா வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும். சத்தத்தின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, வேண்டுமென்றே. சத்தத்தை முந்திக் கிளம்பினால் வழியில் வேகம் குறைந்து மறுபடி அந்த எல்லையைக் கடக்கும்போது குண்டு தள்ளாடும். ஐம்பது மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பு அதைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இறக்கிவிடுகிறது. ஒரு தோட்டா பத்து மீட்டர் வேகம் குறைந்து கிளம்பினால் இன்னொரு எட்டு மில்லிமீட்டர் இறங்கும். வட்டமே 10.4 மி.மீ.தான்! நீங்கள் மூச்சடக்கி, முருகனை வேண்டி, அற்புதமாகச் சுட்டாலும் பத்து ஒன்பதாகிவிடும்.

ஆகவே ஒவ்வொரு ரைபிளுக்கும் எந்தத் தோட்டா பிடிக்கும் என்று சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பெட்டி, ஒரே கம்பெனி என்றாலும் தயாரித்த தொகுதி மாறினால் குணம் மாறும். பெரிய வீரர்கள் தங்கள் ரைபிளைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தில் ஈலி, ஜெர்மனியில் லாபுவா நடத்தும் பரிசோதனைக் கூடங்களுக்கே போய்த் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த தொகுதியை மொத்தமாக வாங்குவார்கள். நான் மணல் மூட்டை மேல் ரைபிளை வைத்து, கிடைத்த நாலு வகைத் தோட்டாவை ஐந்தைந்தாகச் சுட்டேன். வகை மாற்றும்போது முதல் பத்துத் தோட்டாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பழைய தோட்டாவின் மெழுகு குழலிலிருந்து போக வேண்டும். ஐந்து குண்டு ஒரு தடவை ஒன்றாக விழுந்துவிட்டதே என்று குதிக்கவும் கூடாது. ஒரு மேட்சில் செஞ்சுரி போட்டவனெல்லாம் டெண்டுல்கர் இல்லை. ஐந்து தடவை சுட்டு சராசரி பார்க்க வேண்டும்.

பார்த்தேன். ஒரே ரைபிள், ஒரே தோள். ஒரு வகையில் ஐந்து குண்டும் 13 மி.மீ.க்குள் விழுந்தது. இன்னொன்றில் 31 மி.மீ. இத்தனைக்கும் ஜெயித்தது விலையில் இரண்டாவது இடத்தில் இருந்தது. அதிக விலைத் தோட்டாவை என் ரைபிள் சட்டை செய்யவில்லை. புத்திசாலி ரைபிள்.

கடைசியாக ஸ்கோப். கடைசியாக என்பதைக் கவனியுங்கள். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் இதை முதலில் வைத்தார். "சார், இருபத்துநாலு மடங்கு பெரிசா காட்டுது. பித்தான்ல நூல்கூட தெரியும்." தெரியும். அவருடைய நாடித் துடிப்பும் தெரியும். அந்தப் பெருக்கத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் குறுக்குக் கோடு வட்டத்திலிருந்து எகிறிக் குதிக்கும். குதிப்பதைப் பார்த்ததும் மனசு பதறும். கோடு நடுவே வரும் அந்த வினாடியைப் பிடிக்க விசையை வெடுக்கென்று இழுப்போம். போச்சு.

பெருக்கத்தைவிட முக்கியம் பாரலாக்ஸ். பஸ்ஸில் டிரைவர் பக்கத்து ஸீட்டிலிருந்து ஸ்பீடா மீட்டரைப் பார்த்திருக்கிறீர்களா? அவருக்கு ஐம்பது காட்டும் முள் உங்களுக்கு வேறு எண் காட்டும். அதே கோளாறு ஸ்கோப்பில் உண்டு. தலை கொஞ்சம் நகர்ந்தால் கோடும் குறியும் பிரியும். பெரிய ரைபிள் ஸ்கோப்பை வழக்கமாக நூறு கெஜத்துக்குச் சரிபண்ணியிருப்பார்கள். .22-க்கு ஐம்பது கெஜம், அல்லது நாமே திருகிச் சரிபண்ணும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அப்புறம் திருகு. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு 'நிமிஷம்'. ஐம்பது மீட்டரில் அது 14.5 மி.மீ. சாதாரண ஸ்கோப்பில் ஒரு 'க்ளிக்' என்பது கால் நிமிஷம், அதாவது 3.6 மி.மீ. வாங்கியதும் ஒரு சோதனை: சுடுங்கள். மேலே இருபது க்ளிக், சுடுங்கள். வலது இருபது, கீழே இருபது, இடது இருபது. ஒவ்வொன்றுக்கும் குறியை மாற்றாமல் சுட்டால் கடைசிக் குண்டு முதல் ஓட்டையிலேயே வந்து விழ வேண்டும். ட்ரயல் பாலன்ஸ் டாலி ஆகிற சுகம்! ஆகவில்லையென்றால், கடைக்காரர் ஊருக்குப் போவதற்குள் திருப்பிக் கொடுங்கள்.

நான் எடுத்தது பன்னிரண்டு மடங்கு. அதையும் பாதிநேரம் எட்டில்தான் வைத்திருக்கிறேன். இன்னொரு ரகசியம் சொல்கிறேன். ஒலிம்பிக்ஸ் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. குசாலே வெண்கலம் வாங்கியது ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துத்தான். பின்னே ஸ்கோப் எதற்கு? அது ஆடிட்டர், சார். ஒரு பைசா சம்பாதித்துக் கொடுக்காது. ஆனால் தப்பு ரைபிளிலா, தோட்டாவிலா, உங்களிடமா என்று நாசூக்கில்லாமல் சொல்லிவிடும். சரிபண்ண வேண்டியது நாம்தான்.

மூன்றாவது கேள்வி பாக்கி. பத்து ரூபாய் இருந்தால் ஐந்து ரைபிளுக்கு, இரண்டு ஸ்கோப்புக்கும் அதைப் பிடிக்கும் வளையங்களுக்கும், மூன்று தோட்டாவுக்கு. முதல் ஏழு ஒரு தடவை செலவு. அந்த மூன்று மட்டும் வட்டி மாதிரி வந்துகொண்டே இருக்கும். இதை எழுதிக் காட்டியபோது மனைவி கேட்டாள்:

"தோட்டா இல்லாமலும் பழகலாம்னு உங்க வாத்தியார் சொன்னாராமே?"

எப்படித்தான் தெரிந்ததோ! உண்மைதான். காலி ரைபிளை இரண்டு தடவை சோதித்துவிட்டு, கிளப்பில் வாத்தியார் முன்னால் குறி பார்த்து விசையை மட்டும் பழக வேண்டும். (.22-ன் ஊசி வெறும் விளிம்பில் மோதினால் கெட்டுப்போகும். அதற்குப் பொய்த் தோட்டா உண்டு.) நூறு தடவை அப்படி, இருபது தடவை நிஜம். மாசச் செலவு பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது.

நண்பருக்கு இன்னும் லைசென்ஸ் வரவில்லை. ஸ்கோப் மட்டும் வந்துவிட்டது. மொட்டை மாடியில் நின்று நிலாவைப் பார்க்கிறாராம். பள்ளமெல்லாம் பிரமாதமாகத் தெரிகிறதாம்.