சக்கரத்தின் கணக்கு

மோட்டார் வண்டியின் டயர்மீது அச்சாகியிருக்கும் எழுத்துக்களைப் படித்துப் பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. விடுதி வாசலில் நிற்கும் வண்டி ஏதேனும் ஒன்றின் அருகே சற்றுக் குனிந்து பாருங்கள். 165/80 ஆர் 14 என்பது போல ஒரு வரி இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. 'ஆர்' என்றால் ரேடியல். கடைசி எண் உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அதுமட்டும் அங்குலத்தில்! ஒரே வரியில் இப்படி மூன்று அளவைகளைக் கலந்து வைத்த புண்ணியவான், நம் செய்முறைத் தேர்வுக்கு வந்திருந்தால் நிச்சயம் தேறியிருக்க மாட்டார்.

இந்த வித்தை எனக்கு வாய்த்தது என் அத்தானால். கரோல்பாக்கில் குடியிருக்கும் அவர், கைமாறிய மாருதி ஸ்விப்ட் ஒன்றை வாங்கினார். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் 2316 என்றன. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர். ரப்பரில் மயிரிழை போன்ற வெடிப்புக்களும் கண்டிருந்தன. அந்த வண்டியில்தான் அக்காவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அவர் அடிக்கடி ஆக்ரா போய் வருகிறார். 2012இல் திறந்த யமுனா விரைவுச் சாலை 165 கிலோமீட்டர் நீளமுள்ள சிமெண்டுச் சாலை. கார்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதி. கோடை நண்பகலில், அந்த வேகத்தில், பழைய டயரை நம்பிப் போவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அத்தானுக்கோ கவலை வேறு. "மாப்பிள்ளை, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி பார்த்தாயா? அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டது போல இருக்கிறது. பதினேழு அங்குல அலாய் வீல் போட்டால் நிரம்பிவிடும். நீ பௌதிகம் படிக்கிறவன், ஒரு கணக்குப் போட்டுச் சொல்" என்றார்.

கணக்குப் போட்டேன். கம்பெனி போட்டுக் கொடுத்த 165/80 ஆர் 14இன் முழு விட்டம் 620 மில்லிமீட்டர். அதே ஸ்விப்டின் உயர்ந்த ரகங்களுக்குக் கம்பெனியே கொடுத்த 185/65 ஆர் 15இன் விட்டம் 621½. அவர் ஆசைப்பட்ட அளவு 205/45 ஆர் 17. அதன் விட்டம் 616. வேடிக்கையைப் பாருங்கள்! ரிம் மூன்று அங்குலம் வளர்ந்தும் சக்கரம் வளரவில்லை. எந்த இடைவெளியை நிரப்பப் புறப்பட்டாரோ அந்த இடைவெளி அப்படியே இருக்கும்; ஒரு நூல் கூடவும் செய்யும். குறைந்தது ரப்பர்தான். 132 மில்லிமீட்டராக இருந்த பக்கச்சுவர் 92 ஆகிவிட்டது.

விட்டத்தை ஏன் மாற்றக் கூடாது என்று கேட்கலாம். வேகமானி எண்ணுவது சக்கரத்தின் சுற்றுக்களை. கடந்த தூரத்தை அது அறியாது. கரோல்பாக் கடைக்காரர் ஒருவர், "195/65 ஆர் 15 போடுங்கள் சாஹப், நன்றாக நிரம்பும்" என்றார். அதன் விட்டம் 634½. வேகமானி 100 காட்டும்போது வண்டி, முன்பு ஓடியதைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கூடுதலாக ஓடும். அதுகூடப் பெரிதல்ல. அந்த இடைவெளி வெறும் இடமன்று. சுருள்வில் அமுங்கும்போது சக்கரம் மேலே ஏறிக்கொள்ள விட்டு வைத்த இடம். ஐந்து பேர் ஏறி, ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்து, ஒரு பள்ளத்திலும் இறங்கினால் தெரியும், ரப்பர் எங்கே உரசுகிறது என்பது.

வில்லைக் குட்டையாக்கி வண்டியையே தாழ்த்திக்கொள்ளும் ரசிகர்களும் தில்லியில் உண்டு. அத்தான் அதற்கு இசையவில்லை. அந்த மட்டில் எனக்கு நிம்மதி. இந்திய ரோடுகள் காங்கிரஸ் வகுத்த இலக்கணப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும். நம் காலனிகளில் ஆளாளுக்குக் கட்டிவைத்த மேடுகள் இலக்கணம் கற்றவையல்ல!

பக்கச்சுவர் என்பது காற்றடைத்த மெத்தை. பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது முதலில் அடி வாங்குவது அதுதான். அது போதாதபோது அடி ரிம்முக்குப் போகிறது. இரும்பு ரிம் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் சில சமயம் விரிந்து போகும். பாரம் தாங்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். பழைய டயரில் 85 என்றிருந்தது. ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். 205/45 ஆர் 17இல் சாதாரண ரகத்துக்கு 84தான், அதாவது 500 கிலோ.

இவ்வளவையும் சொன்னேன். அத்தான் அசையவில்லை. "அழகுக்கு ஒரு விலை உண்டப்பா" என்றார். கடைசியில் அவரை அசைத்தது பணம். கையில் இருந்த தொகைக்குப் பதினேழு அங்குல ரிம்களை வாங்கினால், டயருக்கு மிஞ்சுவது யாரோ கழற்றிப் போட்ட பழைய சரக்கைத்தான் வாங்கும். பதினைந்து அங்குலம் என்றால் நான்கு புது டயர்கள். அக்கா அடுப்படியிலிருந்தே, "ரிம்மா ரோட்டைத் தொடுகிறது? டயர்தானே தொடுகிறது" என்றாள். என் இரண்டு பக்கக் கணக்கை அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

கடைசியில் 185/65 ஆர் 15 என்று முடிவாயிற்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்ததை மீறி வண்டியை மாற்றலாகாது என்கிறது. இதுவோ கம்பெனியே அந்த வண்டிக்கு அங்கீகரித்த அளவு. ஸ்டெப்னி பழைய பதினான்கு அங்குலமாகவே இருக்கலாம். விட்டத்தில் வேற்றுமை இரண்டு மில்லிமீட்டர்தான்.

ரிம் வாங்குவதிலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஸ்விப்டுக்கு நான்கு துளைகள் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் அமையும். பழைய மாருதி 800க்கு அது 114.3. நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். சந்தையில் விற்கும் அலாய்களில் பலவற்றுக்கு இது பெரிதாயிருக்கும். அப்போது இடையில் ஒரு வளையம் போடாவிட்டால் சக்கரம் மையம் தப்பி, வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். கடைக்காரர் அது வேண்டாம் என்றார். நான் விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே டிராயரைத் துழாவி நான்கு வளையங்களை எடுத்துக் கொடுத்தார்.

புது டயர்களின் நான்கு இலக்கங்களையும் டார்ச் அடித்துப் படித்தேன். நான்கும் ஒரே மாதத்தவை. புதுச் சக்கரம் மாட்டினால் சிறிது தூரம் ஓடியபின் நட்டுக்களை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் அத்தான். அக்கா வத்தக்குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.