விழாத கோல்களின் கணக்கு

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.

2025 ஏப்ரல் 11ஆம் நாள் மாலை, வடகொல்கத்தாவில் ஷ்யாம்பஜாருக்கு அருகே ஒரு சந்தில், முதிய பெண்மணி ஒருவரின் வீட்டில் இருந்தேன். தண்ணீர்க் கூஜாவில் என் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, இருவரும் பொரியைக் கொறித்தபடி இந்திய மகளிர் லீக் ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஈஸ்ட் பெங்காலுக்கும் நடப்பு வாகையரான ஒடிசா எஃப்.சி.க்கும் இடையிலான ஆட்டம். வென்றால் பட்டம்.

அவர் எழுபதுகளின் இறுதியில் வங்காள மகளிர் அணிக்கு ஆடியவர். அவரை நான் மாசிமா என்று அழைப்பேன். என் முனைவர்பட்ட ஆய்வுக்காகக் கொல்கத்தாவின் பழைய வீராங்கனைகளைத் தேடி அலைந்தபோது அறிமுகமானவர். முதல் சந்திப்பிலேயே ஒரு நிபந்தனை விதித்தார்: "நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள். பெயர் மட்டும் வேண்டாம். பேப்பரில் ஒருநாளும் வராத பெயர் உன் புத்தகத்தில் வந்து என்ன ஆகப்போகிறது?" அவர் ஆடிய இடம் ஸ்டாப்பர். நடுப்பின்களத் தடுப்பாட்டக்காரரைக் கொல்கத்தாவில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆய்வு தொடங்கிய காலத்தில் எனக்கு இருந்த தன்னம்பிக்கையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 1975இல் இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு தோன்றியது; 1980 சனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியிலும் 1983இல் பாங்காக்கிலும் இந்தியா இரண்டாமிடம் பெற்றது; 1983இல் வங்காளத்தின் சாந்தி மல்லிக் அர்ச்சுனா விருது பெற்றார். இவ்வளவு நடந்திருக்கும்போது ஆவணங்களுக்கா பஞ்சம் என்று எண்ணினேன். செய்திகள் கிடைக்கத்தான் செய்தன. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை நான்கைந்து வரிகள்: தேதி, இடம், கோல் எண்ணிக்கை, கோல் அடித்தவர் பெயர். கோல் விழாமல் தடுத்தவர் யார் என்று எந்த வரியும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? நடக்காத ஒன்றைச் செய்தியாக்க நிருபருக்கு இடமில்லை.

ஆயினும் தடுப்பாட்டக்காரர்களுக்கென்று ஓர் இயலை ஒதுக்கி எழுதினேன். ஆண்டு மதிப்பீட்டின்போது ஆய்வுக்குழுவில் ஒருவர் கேட்டார்: "சான்று எங்கே? நினைவுகூரல்களை மட்டும் வைத்து ஓர் இயல் நிற்குமா?" வன்மத்தோடு கேட்கப்பட்ட கேள்வியன்று, முறையான கேள்வியே. நெறியாளர் பரிவோடு, அவ்வியலைச் சுருக்கி அடிக்குறிப்பாக்கிவிடலாமே என்றார். எனக்குத்தான் உறக்கம் போயிற்று. கடலூரில் பள்ளி நாள்களில் நானும் 'பேக்' ஆடியவள். பத்தாம் வகுப்போடு பந்து நின்றுபோனது வேறு கதை. ஊரிலிருந்து இந்துமதி கதிரேசன் போன்றோர் இந்திய அணிவரை சென்றதைத் தொலைவிலிருந்து பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். அவர் ஆடிய மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்த லீக்கை வென்றபோது, லேக் மார்க்கெட் அறையில் தனியாகக் கைதட்டியதும் நினைவிருக்கிறது. அந்த இயலை அடிக்குறிப்பாக்குவதென்றால், நான் நின்ற இடத்தையும் சேர்த்தே சுருக்குவதாக எனக்குத் தோன்றியது. ஆய்வாளர் இப்படி உணரக் கூடாது என்பதை அறிவேன்.

ஏப்ரல் மாலைக்குத் திரும்புகிறேன். ஈஸ்ட் பெங்கால் மகளிர் அணி அதற்கு முந்தைய பருவத்தில் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. கோகுலம் கேரள அணிக்கு இருமுறை பட்டம் வாங்கித் தந்த ஆண்டனி ஆண்ட்ரூஸ் பயிற்சியாளராக வந்தார். அணி புதிதாகக் கட்டப்பட்டது. பருவம் முழுவதும் செய்திகளில் வந்தவை முன்களப் பெயர்களே: கானாவின் எல்ஷடாய் அச்சம்போங், தெலங்கானாவின் சௌம்யா குகுலோத். அன்றும் இரண்டாம் பாதியில் சௌம்யா அடித்த ஒரே கோல்தான் ஆட்டத்தைத் தீர்த்தது. 1-0.

மாசிமா பார்த்துக்கொண்டிருந்தது வேறொருவரை. மணிப்பூரின் ஙாங்பம் ஸ்வீட்டி தேவி, நடுப்பின்களம், இந்திய அணியின் தலைவர். (மொழிமுதலில் ஙகரம் வரும் வாய்ப்பு நமக்கு அரிது, இந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் ஒரு சிறு மகிழ்ச்சி.) பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதுகூட மாசிமாவின் விரல் திரையின் இடது ஓரத்தையே தொட்டுக்கொண்டிருந்தது.

"பார், அவள் ஓடவே இல்லை."

சோர்வோ என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "ஓட வேண்டி வந்தால் ஸ்டாப்பர் ஏற்கெனவே தவறு செய்துவிட்டாள் என்று பொருள். முன்னே வருபவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்பதை அவள் திரும்புமுன் நீ தீர்மானித்துவிட வேண்டும். உடம்பைக் கொஞ்சம் சாய்த்து நின்றால் போதும். அவள் தானாகவே கோட்டோரம் போய்விடுவாள். தான்தான் அந்த வழியைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்வாள்."

பின்வரிசை நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் முன்னேறுவதும் பின்வாங்குவதும், ஆஃப்சைடு கோட்டை யார் குரல் கொடுத்து நகர்த்துகிறார் என்பதும், பக்கத்திலிருப்பவர் மேலேறினால் அவர் விட்ட இடத்தில் யார் நிற்கிறார் என்பதும் அன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தன. மூன்றாண்டுகளாக இதே பொருளை ஆய்ந்துகொண்டிருந்தவள் நான். ஆடியவளும்கூட.

ஆட்டம் முடிந்தது. இந்திய மகளிர் லீக்கை வென்ற முதல் வங்காள அணி. 2003-04இல் ஆடவர் அணி தேசிய லீக்கை வென்றபின், 21 ஆண்டுகள் கழித்து அந்தக் கழகத்துக்கு வந்த தேசிய லீக் பட்டம். மாசிமாவின் குடும்பம் பரிசாலிலிருந்து அகதியாக வந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அவ்வீட்டில் இலிஷ் மீன் சமைத்தாக வேண்டும். "ஏப்ரலில் ஜெயித்தால் என்ன செய்வது? ஐஸில் வைத்த மீனை நான் தின்ன மாட்டேன்" என்று அங்கலாய்த்தார்.

அன்றிரவு விடுதி அறையில் கழக வரலாற்றைப் புரட்டினேன். முன்பே படித்ததுதான், ஆனால் அன்று வேறாகத் தெரிந்தது. 1920 சூலை 28ஆம் நாள், மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில், ஜோராபகான் அணி சைலேஷ் போஸ் என்பவரைச் சேர்க்காமல் விட்டது. அவ்வணியின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி வாதாடிப் பார்த்தார், கேட்கவில்லை. விலகி வந்து, மறுவாரமே ஆகஸ்டு 1ஆம் நாள் ஈஸ்ட் பெங்காலைத் தோற்றுவித்தார். அந்த சைலேஷ் போஸ் ஆடிய இடம் ஹாஃப்-பேக், தடுப்பு வேலை. ஒரு தடுப்பாட்டக்காரரின் பெயர் பட்டியலில் இல்லாமற்போனதால் பிறந்த கழகம்! கிழக்கு வங்காளத்தார் மீதான புறக்கணிப்பு என்றுதான் இதை எல்லோரும் வாசிக்கிறார்கள்; அது சரியே. ஆனால் விடுபட்டவர் எந்த இடத்தில் ஆடினார் என்பதை நானே அதுவரை கவனித்திருக்கவில்லை.

இயலை மறுபடி எழுதத் தொடங்கினேன். 'யார் என்ன செய்தார்' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, விழாத கோல்களிலிருந்து பின்னோக்கிச் செல்ல முயன்றேன். ஒரு போட்டித் தொடரில் அணி வாங்கிய கோல்கள் எத்தனை, அப்போது பின்வரிசையில் ஆடியவர்கள் தத்தம் நினைவில் யாரை எங்கே நிறுத்துகிறார்கள், அந்நினைவுகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று கட்டம் போட்டு நிரப்பினேன். முரண்படும் இடங்களே அதிகம் பயன்தந்தன. குழுவினர் ஏற்பார்களா என்பது இனிமேல்தான் தெரியும்.

சூலை 5ஆம் நாள் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்திய மகளிர் தாய்லாந்தை 2-1 என வென்று, 2026இல் ஆஸ்திரேலியாவில் நடக்கும் ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றனர். தகுதிச்சுற்று ஆடி உள்ளே நுழைவது இதுவே முதல் முறை. 2022இல் சொந்த மண்ணில் நடந்த ஆசியக் கோப்பையில், முகாமில் கோவிட் பரவி, களமிறக்க ஆள் இல்லாமல் இந்தியா வெளியேற நேர்ந்ததை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். இரு கோல்களையும் அடித்தவர் கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர். கொல்கத்தா நாளிதழ்கள் அவரைக் கொண்டாடியது முற்றிலும் தகும். நான் என் கட்டத்தில் குறித்துக்கொண்டது இன்னோர் எண்: தகுதிச்சுற்றின் நான்கு ஆட்டங்களில் இந்தியா அடித்தவை 24, வாங்கியது 1. தலைவர் ஸ்வீட்டி தேவி.

மறுநாள் காலை மாசிமா தொலைபேசியில் அழைத்தார். அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது என்பதைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று விளக்கினார். சந்தைக்கு இலிஷ் வந்துவிட்டதாகவும், ஞாயிறு என்பதால் விலை கொள்ளை என்றும் சொன்னார். வைக்கப்போகிறார் என்று நினைத்த நேரத்தில் சற்றுத் தயங்கினார்.

"உன் புத்தகத்தில் என் பெயரை எழுதிக்கொள். ஸ்டாப்பர் என்றும் எழுது. யாராவது என்னை லெஃப்ட் ஹாஃப் என்று சொன்னால் நம்பாதே. அங்கே நான் ஆடியது இரண்டே ஆட்டம்."

ஆய்வேடு அளிக்கப்படும்வரை அந்தப் பெயரை இங்கே எழுத இயலாது. மூன்றாம் இயலில், கட்டத்தின் நான்காம் வரிசையில் சேர்த்துவிட்டேன்.