எந்த மெஷினுக்குப் போகவில்லை?

ஜூன் 9, 2025, திங்கள்

பழைய ஆபீஸ் மென்பொருளின் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போவதில்லை. எல்லோருக்கும் லிப்ரே ஆபீஸ் என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. கோவைத் தலைமை அலுவலகம், திருப்பூர், ஈரோடு, கரூர் கிளைகள் எல்லாம் சேர்த்து இருநூறுக்குச் சற்று மேல் கணினிகள். “பசங்க யாரையாச்சும் பென்டிரைவோட அனுப்பிச்சா ஒரு வாரத்துல முடிஞ்சிருமுங்களே?” என்றார் மேலாளர்.

பென்டிரைவை நான் கேலி செய்ய மாட்டேன். பத்துக் கணினி உள்ள இடத்துக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. இருநூறில்தான் சிக்கல். போகிற பையன் மெஷினுக்கு மெஷின் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ தட்டுவான். ஒன்றில் தமிழ் மொழித்தொகுப்பைச் சேர்ப்பான், இன்னொன்றில் விட்டுவிடுவான். அடுத்த மாதம் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மறுபடி பஸ் ஏற வேண்டும். லிப்ரே ஆபீஸ் எம்எஸ்ஐ கோப்பாகவே கிடைப்பது வசதி. கட்டளை வரியில் ‘கியூஎன்’ என்று சேர்த்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் தானாக ஏறிவிடும். எந்த மொழி, டெஸ்க்டாப்பில் ஐகான் வேண்டுமா என்பதையும் அதே வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியை இருநூறு மெஷினுக்கும் கொண்டு சேர்ப்பது எது என்பதுதான் பாக்கி.

ஜூன் 10, செவ்வாய்

கையில் இருப்பதிலிருந்து தொடங்கினேன். கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி இருக்கிறது; ஆகவே அதன் குரூப் பாலிசிக்குத் தனிச் செலவில்லை. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே உள்ள வசதி. கோப்பை ஒரு ஷேர் ஃபோல்டரில் வைத்து பாலிசியில் குறித்துவிட்டால், கணினி ஆன் ஆகும்போது லாகின் திரைக்கு முன்பே ஏறிவிடும். ஆனால், சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக விண்டோஸ் நெட்வொர்க்குக்குக் காத்திருக்காது. அதனால் சில மெஷின்களை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தால்தான் வேலை நடக்கும்.

ஈரோட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டேன். கோப்பு சுமார் 350 எம்பி, கணினி 30, லைன் 10 எம்பிபிஎஸ். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆன் செய்தால், லைன் முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் 2 மணி 20 நிமிடம். அதுவரை பில்லிங் நிற்கும். கிளையிலேயே ஒரு பிரதி வைத்து இதைச் சமாளித்துவிடலாம். ஆனால் ஏறியதா இல்லையா என்று குரூப் பாலிசி ஒரே இடத்தில் பட்டியல் தராது. மெஷின் மெஷினாக ஈவென்ட் வியூவரைத் திறக்க வேண்டும். பந்தியில் இலை போட்டுவிடலாம். எந்த இலைக்குச் சாம்பார் வரவில்லை என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டுமே.

ஜூன் 12, வியாழன்

அடுத்துப் பார்த்தது மைக்ரோசாஃப்டின் இன்டியூன், கிளவுடிலிருந்து வேலை செய்வது. விற்பனைப் பிரிவின் லேப்டாப்கள் மாதக்கணக்கில் அலுவலகம் பக்கமே வராது. இன்டர்நெட் இருந்தால் போதும், அங்கேயும் இன்டியூன் போகும். ஆனால் மாதாமாதம் சந்தா.

இன்னொன்று ஏஜென்ட் வழி. ஒவ்வொரு கணினியிலும் சிறு நிரல் ஒன்று உட்கார்ந்து, வேலை உண்டா என்று சர்வரிடம் கேட்டு, செய்து முடித்ததும் பதில் சொல்லும். சென்னை ஜோஹோவின் மேனேஜ்எஞ்ஜின் எண்ட்பாயின்ட் சென்ட்ரல் இந்த வகை. எங்கள் தொழிலில் பலர் இன்னும் டெஸ்க்டாப் சென்ட்ரல் என்ற பழைய பெயரில்தான் சொல்வார்கள். கிளையில் ஒரு விநியோக சர்வர் வைத்தால் கோப்பு லைனில் ஒரே தடவை வரும். மற்ற மெஷின்கள் உள்ளூரிலேயே எடுத்துக்கொள்ளும்.

ஜூன் 16, திங்கள்

எங்கள் பிரிவிலும் ஈரோட்டில் சில மெஷின்களிலும் ஏஜென்ட் வழியைச் சோதித்தேன். பதில் எண்ணாக வருகிறது. 0 என்றால் ஏறிவிட்டது. 3010 என்றால் ஏறிவிட்டது, ரீஸ்டார்ட் பாக்கி. தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்பக் கூடாது. 1618 வந்தால் அந்த நேரத்தில் வேறொரு இன்ஸ்டாலேஷன் ஓடுகிறது. கொஞ்சம் பொறுத்து அனுப்பலாம். 1603தான் தலைவலி. ஏதோ கோளாறு என்பதற்கு மேல் அது வாய் திறக்காது. லாக் கோப்பில் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேடி, அதற்கு மேலே உள்ள வரிகளைப் படிக்க வேண்டும். இன்று ஒரு மெஷினில் படித்துப் பார்த்தால், ஃபோல்டரில் எழுத சிஸ்டம் கணக்குக்கு அனுமதியில்லை.

மதியம் ஈரோட்டுக் கணக்குப் பிரிவு அம்மா போன் செய்தார். “ஏனுங்க சார், ஐகானெல்லாம் மாறிக் கெடக்குதுங்க. எம்பட எக்ஸெல்லுல பட்டன அழுத்துனா ஒண்ணுமே ஆக மாட்டீங்குது.” அந்தப் பட்டன், கணக்குப் பிரிவு பல வருஷமாக வளர்த்து வந்த மேக்ரோ. எக்ஸெல் மேக்ரோக்களை லிப்ரே ஆபீஸ் ஓரளவுக்குத்தான் ஓட்டும். அவருடைய மெஷினை வேறு குழுவுக்கு மாற்றி, நீக்கும் கட்டளையை இங்கிருந்தே அனுப்பினேன். மாலைக்குள் பட்டன் வேலை செய்தது. ‘எல்லோருக்கும்’ என்ற உத்தரவிலிருந்து கணக்குப் பிரிவு வெளியே.

ஜூன் 18, புதன்

எல்லா மெஷினுக்கும் ஒரே கிளிக்கில் அனுப்பலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான ஒரு கோப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் நீலத்திரையில் நிற்கும் மெஷினுக்குத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? பல இடங்களில் ஆள் நேரில் போய் சேஃப் மோடில் அழிக்க வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் நடந்தது இன்னும் மோசம். கசேயாவின் விஎஸ்ஏ என்ற நிர்வாகக் கருவியில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்தவர்கள், அதைக் கொண்டே ரேன்சம்வேரைப் பரப்பினார்கள். ஸ்வீடனில் கூப் நிறுவனத்தின் பில்லிங் முடங்கி, சுமார் 800 கடைகளை மூட வேண்டியதாயிற்று.

எல்லா மெஷினிலும் அட்மின் உரிமையோடு உட்காரும் கருவிக்கு இந்த இரண்டு ஆபத்தும் உண்டு. ஆகவே அடுக்கடுக்காகத்தான் அனுப்புவது. ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே நாள் விடுவது. நீக்கும் கட்டளையைச் சோதித்த பிறகே ஏற்றும் கட்டளையை அனுப்புவது. கன்சோலில் நுழைய பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்பது.

ஜூன் 20, வெள்ளி

குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஏஜென்ட் வழியே சரி. குரூப் பாலிசிக்கு ஒரே வேலை, அந்த ஏஜென்டை ஏற்றுவது. நெட்வொர்க் எட்டாத கிடங்கு மெஷின்களுக்குப் பென்டிரைவே போதும். லேப்டாப்கள் பெருகினால் இன்டியூனைப் பார்க்கலாம். ஏஜென்ட் உட்கார்ந்ததும் இன்னொரு பட்டியலும் கிடைக்கும்: அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது, இன்னும் அதில் ஓடும் மெஷின்கள் எவை என்று யாரிடமும் கேட்க வேண்டாம்.

“எப்பங்க முடியும்?” என்றார் மேலாளர். ஏறாத மெஷின்களின் பட்டியல் காலியாகும் அன்றைக்கு என்றேன். முதல் அடுக்கில் எங்கள் பிரிவோடு அவருடைய கணினியையும் சேர்த்திருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.