கண்ணிற்கு ஒரு சொட்டு

கையிலோ காலிலோ காயம் பட்டால் பத்தியம் காத்துப் பொறுமையோடு இருக்கும் நம்மவர், கண்ணில் ஒரு தூசி விழுந்த மாத்திரத்தில் பொறுமை இழந்து, கைக்கு எட்டிய சொட்டு மருந்தை விட்டுக்கொள்கின்றனர். சொட்டு மருந்து என்னும் பெயர் ஒன்றே ஆயினும், அப்பெயரால் வழங்குவன ஒன்றோடொன்று ஒவ்வாத பல பொருள்கள் என்பதைச் சென்ற தை மாதத்திலே யான் அறியலானேன். இலக்கியம் பயிலும் மாணவனுக்கு மருந்தைப் பற்றிய பேச்சு ஏன் என நண்பர் வினவலாம். எழுத்தெண்ணிப் படிக்கும் பழக்கம் மருந்துக் குப்பியின் மேலொட்டிய சீட்டிற்கும் பயன்படும் என்பதே என் விடை.

பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். அறுவடை இயந்திரம் புக இயலாத எங்கள் சிறு வயலில் அத்தை கதிர் அறுத்துக்கொண்டிருக்கையில், நெல்தாளின் நுனி ஒன்று அவரது வலக்கண்ணை உராய்ந்துவிட்டது. கண் சிவந்து நீர் ஒழுகிற்று; வெளிச்சத்தைக் காணப் பொறுக்கவில்லை; மணல் உறுத்துவதுபோல் இருக்கிறது என்றார். அண்டை வீட்டார் ஒருவர் தாய்ப்பால் விடலாம் என்றார். மற்றொருவர் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்துவிடச் சொன்னார். அன்பினாற் சொன்னவையே. எனினும், மேற்படலம் உரிந்த கண்ணில் அவற்றை விட்டால், அவற்றோடு கிருமிகளும் உட்புகும்.

அன்று மாலையே கடைத்தெருவிற்குச் சென்றோம். மருந்துக் கடைக்காரர் ஒரு குப்பியை நீட்டி, "இதை விடுங்கள், விடிவதற்குள் சிவப்பு மாறிவிடும்" என்றார். சீட்டிலிருந்த நுண்ணெழுத்துக்களைப் படித்தேன். ஒரு கிருமிக்கொல்லியின் பெயரும், அதனை அடுத்து டெக்ஸாமெத்தசோன் என்னும் பெயரும் இருந்தன. பின்னது ஸ்டீராய்டு வகையைச் சார்ந்தது. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்றும் அதிலேயே அச்சிட்டிருந்தனர். அதனைச் சுட்டிக் காட்டினேன். "எல்லாரும் வாங்குகிறார்கள், தம்பி" என்பதே விடை. குப்பியை வாங்காது திரும்பினோம்.

ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் தணிக்கும் என்பது உண்மையே. ஆனால் அச்சிவப்பு, கிருமியை எதிர்க்க உடம்பு திரட்டிய படையின் அடையாளம். தாளும் உமியும் இலையும் கீறிய கண்ணில் காளான் இனக் கிருமிகள் வேரூன்றுதல் நம் நாட்டில் அரிதன்று. அத்தகைய கண்ணில் ஸ்டீராய்டை விடுதல், பகைவன் வாயிலில் நிற்கப் படையைக் கலைத்தலை ஒக்கும். புறத்தே கண் தெளிந்ததுபோல் தோன்ற, கருவிழி அரிக்கப்பட்டுப் பார்வையே போதலும் உண்டு.

மறுநாட் காலை நகரத்திற்குச் சென்றோம். மருத்துவ அம்மையார் முதலில் மரத்துப்போகும் சொட்டு ஒன்றை விட்டார்; வலி நொடியில் அகன்றது. பின்பு மஞ்சட் சாயம் இட்டு நீல ஒளியிற் காட்டியபோது, கருவிழியிலே கீறல் பச்சையாய் ஒளிர்ந்தது. அத்தைக்கோ அந்த முதற் சொட்டின்மேல் பேராசை உண்டாயிற்று. "அம்மா, அதையே ஒரு குப்பி கொடுத்துவிடுங்கள், வேறொன்றும் வேண்டாம்" என்றார். அம்மையார் நகைத்து, "அது வலியை மறைக்குமே ஒழியப் புண்ணை ஆற்றாது, அடிக்கடி விட்டால் புண் ஆறாமலே போய்விடும். வீட்டிற்குக் கொடுக்கிற மருந்தன்று" என்றார். அத்தையின் முகம் வாடியதை இன்றும் மறவேன்.

கொடுத்தது மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்னும் கிருமிக்கொல்லிச் சொட்டு, ஸ்டீராய்டு கலவாதது. காளான் பற்றியதாகத் தெரிந்தால் மருந்தே வேறு என்றும், ஆதலால் இரண்டு நாளில் மீண்டும் வரவேண்டும் என்றும் கட்டளையிட்டார். அவ்வேறு மருந்து நாட்டமைசின். மதுரை முதலிய ஊர்களில் நிகழ்த்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு, காளான் புண்ணிற்கு வொரிகொனசோலைவிட அதுவே ஏற்றது எனக் காட்டிற்று. நேபாளத்துப் பக்தபூரில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. கருவிழி கீறியவர்களுக்கு 1 விழுக்காடு குளோரம்பெனிகால் களிம்பை நாளைக்கு மூன்று முறை, மூன்று நாள் இட்டனர். 18 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கியவர் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. மலிவான களிம்புதான், விரைவிலே அதன் வலிமை இருந்தது.

வெறும் தூசியால் உறுத்தும் கண்ணிற்கு இவையெல்லாம் வேண்டா. தூய நீராற் கழுவிக் கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர் விட்டால் அமையும். வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்தாலோ, சொட்டு மருந்தைத் தேடி ஓடுதலே கேடு: அக்கணமே நெடுநேரம் நீரை ஊற்றிக் கழுவியபடியே மருத்துவமனை சேரவேண்டும். விடுதியிலே கான்டாக்ட் லென்ஸ் அணியும் நண்பர்கள், கண் உறுத்தினால் முதலில் அதனைக் கழற்றிவிட்டு, அன்றே மருத்துவரைக் காண்பாராக. அவர்களைப் பற்றும் கிருமி மிகக் கொடியது.

நான்காம் நாள் அத்தையின் கண் தெளிந்தது. திறந்த குப்பியை ஒரு மாதத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது என்பதால், திறந்த நாளை அதன்மேல் எழுதிவைத்து வந்தேன். மாசியில் தொலைபேசியிற் கேட்டபோது, "அப்போதே எறிந்துவிட்டேன், ஐயா" என்றார். "அடுத்த அறுப்புக்கு ஆகும்" என்று அவர் அதனை மாடத்தில் பத்திரமாய் வைத்ததைக் கண்ணாரக் கண்டவன் யான். அடுத்த விடுமுறையில் அம்மாடத்தைப் பார்க்கவேண்டும்.