நான் வக்கீல் இல்லண்ணே!

''வணக்கம் வக்கீலம்மா!''

தினமும் காலை எட்டே முக்காலுக்கு எங்க கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் அடிக்கிற சல்யூட் இது. ''நான் வக்கீல் இல்லண்ணே...'' - இது லீகல் மேடத்தின் தினசரி பதில். முதல் நாள் கேட்டப்போ ஏதோ தன்னடக்கம்னுதான் நினைச்சேன். விஷயம் வேறன்னு தெரிய எனக்கு ஒரு வாரம் ஆச்சு!

'எங்க கம்பெனி'ன்னு உரிமையோட சொல்றேனே தவிர, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற அந்த இடத்தில் நான் ஆறு வார இன்டர்ன். இ.சி.இ. மூணாவது வருஷம். கார் பாகங்கள் தயாரிக்கிற கம்பெனியாச்சே, ரோபோ பக்கத்துல நின்னு வேலை கத்துக்கலாம், அப்படியே ரெண்டு செல்ஃபி எடுக்கலாம்னு கனவோட போனேன். ஹெச்.ஆரில் லிஸ்ட்டைப் பார்த்துட்டு, ''லீகல்ல ஒரு டேட்டா வேலை இருக்கு. எக்ஸெல் தெரியுமா?''ன்னு கேட்டாங்க. தெரியும்னு தலையாட்டினது நான் பண்ணின முதல் தப்பு. (ரெண்டாவது தப்பு பின்னால வருது, பொறுங்க!)

லீகல் டிபார்ட்மென்ட்னா ஏதோ பெரிசா கற்பனை பண்ணாதீங்க. ஒரு மேடம், மூணு இரும்பு பீரோ, ஒரு மணி பிளான்ட். அவ்ளோதான்! பீரோ நிறைய ஒப்பந்தங்கள். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, யாரோட போட்டது, எப்போ முடியுது, எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்கணும்னு எக்ஸெல்லில் ஏத்தணும். ஒரு காலத்தில் 'ஆர்பிட்ரேஷன் சீட் - சிங்கப்பூர்'னு இருந்தது. ''மேடம், இதுல சீட்டெல்லாம் புக் பண்ணியிருக்காங்க...''ன்னு சொல்லி முதல் நாளே பல்பு வாங்கினேன். பிரச்னை வந்து சமரசத் தீர்ப்பாயத்துக்குப் போனா, எந்த ஊர் சட்டமும் எந்த ஊர் கோர்ட்டும் அதைக் கவனிச்சுக்கும்கிறதை முடிவு பண்ற விஷயமாம் அது. எங்கே உட்கார்ந்து விசாரிக்கிறாங்கன்றது வேற, 'சீட்' வேற! இந்த ஒரு வார்த்தைக்காகவே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் சண்டை போட்டிருக்காங்கன்னு மேடம் சொன்னப்போ, எங்க சர்க்யூட் தியரி பேப்பர் மேல திடீர்னு ஒரு பாசமே வந்துடுச்சு.

இப்போ அந்த 'வக்கீல் இல்லண்ணே' மேட்டருக்கு வர்றேன். பார் கவுன்சில் விதி 49-னு ஒண்ணு இருக்கு. வக்கீலா பிராக்டீஸ் பண்றவங்க எந்த கம்பெனியிலும் முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அப்படிச் சேர்ந்தா பார் கவுன்சிலுக்குத் தகவல் சொல்லிட்டு, அந்த வேலையில் இருக்கிற வரைக்கும் பிராக்டீஸை நிறுத்திடணும். மேடம் ஹைகோர்ட்டில் நாலு வருஷம் பிராக்டீஸ் பண்ணினவங்க. கல்யாணம், வீட்டு லோன், மாசாமாசம் நிச்சயமா வர்ற சம்பளம்னு காரணங்கள் சேர, சனதைச் சஸ்பெண்ட் பண்ணிட்டு இங்கே வந்துட்டாங்க. ''கவுனை எங்கே மேடம் வெச்சிருக்கீங்க?''ன்னு ஒருநாள் கேட்டேன். ''பட்டுப்புடவை இருக்கிற ஷெல்ஃப்ல. வருஷத்துக்கு ஒரு தடவை அந்துருண்டை மாத்துவேன்''னாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் அடுத்து என்ன பேசுறதுன்னு தெரியலை.

கோர்ட்டில் இருந்தா தினமும் நூறு வக்கீல்களைப் பார்க்கலாம். கேன்டீன்ல டீ குடிச்சுக்கிட்டே, ''சார், இந்த பாயின்ட்டுக்கு ஏதாவது தீர்ப்பு இருக்கா?''ன்னு சீனியர்கிட்ட கேட்டுடலாம். இங்கே? மொத்த ஃபேக்டரியிலும் சட்டம் படிச்ச ஒரே ஆள் அவங்கதான். இன்ஜினீயர்களுக்குச் சந்தேகம்னா கேட்க ஐம்பது பேர் இருக்காங்க. மேடத்துக்கு மணி பிளான்ட்தான் துணை!

இதுல இன்னொரு கொடுமை. பக்கத்து கேபினில் கம்பெனி செகரட்டரி சார். அவங்க இன்ஸ்டிட்யூட்டில் வருஷா வருஷம் இவ்வளவு மணி நேரம் புதுசா படிச்சாகணும்னு கட்டாயம். அதனால அவருக்குப் பயிற்சிக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டுது. நியூயார்க்கில் வக்கீல்களுக்கே ரெண்டு வருஷத்துக்கு 24 மணி நேரம், கலிஃபோர்னியாவில் மூணு வருஷத்துக்கு 25 மணி நேரம் தொடர்கல்வி கட்டாயமாம். கம்பெனி வக்கீல்களுக்குன்னே அமெரிக்காவில் 1982-லேயே தனிச் சங்கம் ஆரம்பிச்சிருக்காங்க. இன்னிக்கு அதுக்குப் பல நாடுகளில் உறுப்பினர்கள். நம்ம ஊர் வக்கீலுக்கு அப்படி நாடு தழுவிய மணிக்கணக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. கட்டாயம் இல்லேன்னா பட்ஜெட்டும் இல்லை! டேட்டா பாதுகாப்புச் சட்டத்தைப் பத்தி ஒரு கோர்ஸ் படிக்க மேடம் மெயில் போட்டிருக்காங்க. ''நீங்கதான் ஏற்கெனவே லா படிச்சிருக்கீங்களே''ன்னு பதில் வந்ததாம். இந்தச் சட்டம் நிறைவேறினது 2023-ல. விதிகள் வந்தது 2025 நவம்பர்ல. அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம். மேடம் காலேஜ் முடிச்சது 2009-ல. கணக்குப் பாருங்க மக்களே!

ரெண்டாவது வாரம் சனிக்கிழமை. ''நுங்கம்பாக்கத்துல ஒரு மீட்டிங். கம்பெனி வக்கீல்கள் எல்லாம் வருவாங்க. வர்றியா?''ன்னாங்க. வீட்டுக்கு போன் பண்ணிச் சொன்னேன். ''இன்ஜினீயரிங் படிக்க அனுப்பினா கோர்ட்டு, கேஸுன்னு சுத்துறியா?''ன்னு அப்பா டென்ஷன். கோர்ட்டு இல்லப்பா, ஏ.சி. ஹால்னு சமாதானப்படுத்திட்டுப் போனேன்.

நடத்தினது ஒரு பெரிய சட்ட நிறுவனம். அனுமதி இலவசம், டின்னர் உண்டு! எனக்கு ஒரு டவுட்... இவங்களுக்கு இதனால என்ன லாபம்? மேடம் காதுல கிசுகிசுத்தாங்க. வக்கீல்கள் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு அதே பார் கவுன்சில் விதிகளில் 36-ம் நம்பர் இருக்கு. ஆனா, பெரிய கேஸ் வந்தா எந்த வக்கீல்கிட்ட கொடுக்கலாம்னு கம்பெனிக்குச் சொல்றது இந்த மாதிரி உள்ளே இருக்கிற ஆளுங்கதான். விளம்பரம் கூடாது... கருத்தரங்கு நடத்தலாமே! அந்த ரெண்டு மணி நேர ஸ்லைடுகளில் பாதி, 'நாங்க எவ்வளவு கெட்டிக்காரங்க தெரியுமா' ரகம்தான். எங்க காலேஜ் சிம்போசியம் எவ்வளவோ தேவலை.

நிஜமான மீட்டிங் பனீர் டிக்கா பக்கத்தில்தான் நடந்தது. முப்பது பேர் இருப்பாங்க. எல்லாருக்கும் ஒரே புலம்பல்! ''எல்லாம் முடிவு பண்ணிட்டு கையெழுத்து போடறதுக்கு முந்தின நாள்தான் எங்ககிட்ட கொண்டு வருவாங்க.'' ''நாங்க ஒரு கேள்வி கேட்டா, 'லீகல் வேலையைக் கெடுக்குது'ம்பாங்க.'' மேடம் முகத்தைப் பார்க்கணுமே... ஆபீஸ்ல ஒரு நாளும் பார்க்காத சிரிப்பு. போட்டிக் கம்பெனிக்காரர் ஒருத்தர், ''உங்க சப்ளையர்கிட்ட என்ன ரேட்டுக்கு...''ன்னு விளையாட்டா ஆரம்பிச்சார். மேடம் கையெடுத்துக் கும்பிட்டாங்க. போட்டிக் கம்பெனிகள் விலையைப் பத்திப் பேசிக்கிறது 2002 காம்படிஷன் சட்டப்படி வம்பாம். சிரிச்சுக்கிட்டே பேச்சை குலாப்ஜாமூனுக்கு மாத்திட்டாங்க. கிளம்புறப்போ ஐ.டி. கம்பெனி மேடம் ஒருத்தர் தன் நம்பரைக் கொடுத்து, ''எப்ப வேணா கூப்பிடுங்க, சும்மா ஃபார்மாலிட்டிக்குச் சொல்லலை''ன்னாங்க. அந்த நம்பர்தான் பின்னால என்னைக் காப்பாத்துச்சு.

ஓ.கே., ரெண்டாவது தப்பு!

நாலாவது வாரம். வெள்ளிக்கிழமைக்குள்ள அறுபது ஒப்பந்தம் பாக்கி. ஒவ்வொண்ணும் முப்பது, நாற்பது பக்கம். நாமதான் இன்ஜினீயராச்சே, ஸ்மார்ட்டா யோசிப்போம்னு என் போனில் இருந்த ஓசி ஏ.ஐ. ஆப்பில் ஒரு சப்ளையர் ஒப்பந்தத்தை முழுசா ஏத்தி, 'சுருக்கமா சொல்லு'ன்னேன். பத்து செகண்டில் சொல்லுச்சு. துள்ளிக் குதிச்சு மேடத்துக்கிட்ட காட்டினேன். ''பாருங்க மேடம், இனிமே ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் முடிச்சிடலாம்!''

மேடம் திட்டியிருந்தா பரவாயில்லை. பேனாவைக் கீழே வெச்சுட்டு, ''எந்த ஒப்பந்தம்?''னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். பதினாலாவது பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க. 'இந்த ஒப்பந்தத்தின் விவரங்களை மூன்றாம் நபருக்குத் தெரிவிக்கக் கூடாது' என்று ஒரு பாராவே இருந்தது. அந்தப் பாராவின் நம்பரை நானே என் கையால எக்ஸெல்லில் ஏத்தியிருந்தேன்! ஏத்தினேனே தவிர, படிக்கலை. விலைப்பட்டியல் முதற்கொண்டு உள்ளே இருந்தது. கை, கால் எல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. இன்டர்ன்ஷிப் போச்சு, சர்ட்டிஃபிகேட் போச்சு, அப்பாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு மனசுக்குள்ள ஒரே ஓட்டம்.

''அழாதே. எத்தனை மணிக்கு ஏத்தினே, எந்த அக்கவுன்ட், எத்தனை ஃபைல்... எழுது. நடந்ததை மட்டும் எழுது. நீ என்ன நினைச்சேன்றது வேண்டாம்.'' எழுதினேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு, சாட்டை அழிச்சோம். அந்த ஆப்பின் செட்டிங்ஸில், நாம ஏத்துறதை வெச்சு அது கத்துக்கலாம்னு ஒரு பட்டன் ஆன்ல இருந்தது. நாலு மாசமா அந்த ஆப்பை யூஸ் பண்றேன், அந்தப் பக்கமே போனதில்லை. இதுல நான் இ.சி.இ. வேற!

அப்புறம் மேடம் அந்த ஐ.டி. கம்பெனி மேடத்துக்கு போன் போட்டாங்க. கம்பெனி பேரோ, சப்ளையர் பேரோ ஒரு வார்த்தை வரலை. ''ஒரு இடத்துல ஒரு இன்டர்ன் இப்படிப் பண்ணிட்டா முதல்ல என்ன செய்வீங்க?''ன்னு மட்டும். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. ''எங்க ஊர்ல மேனேஜரே பண்ணினார்!''னு ஆரம்பிச்சு, இருபது நிமிஷம் பேசினாங்க. மறைக்காதீங்க, சப்ளையருக்கு நீங்களே முதல்ல சொல்லிடுங்க, வெளி வக்கீலையும் கையோட கூப்பிட்டுடுங்கன்னு அவங்க யோசனை.

வெளி வக்கீல் எதுக்குன்னு கேட்டேன். அப்பத்தான் 2025 அக்டோபர் 31 தீர்ப்பைப் பத்திச் சொன்னாங்க. பிராக்டீஸ் பண்ற வக்கீல்கிட்ட கட்சிக்காரர் சொல்றதுக்குச் சட்டத்தில் ரகசியப் பாதுகாப்பு உண்டு. கம்பெனியில் சம்பளம் வாங்குற சட்ட அதிகாரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சாம். அவங்க கோர்ட்டில் பிராக்டீஸ் பண்ற வக்கீல் இல்லைன்றதுதான் காரணம். கம்பெனியும் மேடமும் பேசிக்கிறதுக்கு அந்தத் திரை இல்லை. ''அதனாலதான் நடந்ததை மட்டும் எழுதச் சொன்னேன். நான் எழுதுற ஒவ்வொரு மெயிலையும் ஒருநாள் கோர்ட்ல யாரோ சத்தமா படிப்பாங்கன்னு நினைச்சுத்தான் எழுதறேன்''னாங்க. வாட்ச்மேன் அண்ணனுக்குச் சொல்ற பதிலோட முழு எடை அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. சப்ளையர் தரப்பில் கோபம்தான். அழிச்சாச்சு, வேற யாருக்கும் போகலைன்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கிட்டு விட்டுட்டாங்க. கம்பெனிக்கு மேடம் கொடுத்த ரிப்போர்ட்டை எனக்குக் காட்டினாங்க. 'இன்டர்னுக்கு இது குறித்துப் பயிற்சி அளிக்கப்படவில்லை. அது என் பொறுப்பு'ன்னு எழுதியிருந்தது. ''மேடம், தப்பு பண்ணினது நான்...''னேன். ''நீ பண்ணினது முதல் பாராவுல இருக்கு. இது மூணாவது பாரா''ன்னு சொல்லிட்டு அடுத்த ஃபைலை எடுத்துட்டாங்க. கோர்ஸுக்கான மெயிலை அன்னிக்கு சாயங்காலமே திரும்ப அனுப்பினாங்க, ரிப்போர்ட்டையும் சேர்த்து! பதில் இன்னும் வரலை.

மிச்சம் ஐம்பத்தொன்பது ஒப்பந்தத்தையும் வரி வரியா படிச்சேன். அதுல ஒண்ணு, யாரும் வேண்டாம்னு சொல்லலைன்னா தானாவே மூணு வருஷம் நீளுற ரகம். வேண்டாம்னு சொல்ல இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. கண்டுபிடிச்சது நான்! (இதையாவது பெருமையா சொல்லிக்கிறேனே, ப்ளீஸ்!)

கடைசி நாள் சர்ட்டிஃபிகேட் கொடுத்துட்டு, ''அடுத்த மாசம் மீட்டிங்ல உனக்குப் பத்து நிமிஷம் சொல்லியிருக்கேன்''னாங்க. எனக்கா? ஏ.ஐ.யில் ஒரு ஃபைலை ஏத்தினா அது எங்கெங்கே போகும், எதை ஆஃப் பண்ணணும்னு அந்த முப்பது பேருக்கும் நான் விளக்கணுமாம். ''எங்களுக்குச் சட்டம் தெரியும், அந்த பட்டன் எங்கே இருக்குன்னு தெரியாது. நீ பண்ணினதையும் சொல்லணும். பேரு எதுவும் வேண்டாம்.''

கேட்டைத் தாண்டுறப்போ வாட்ச்மேன் அண்ணன், ''என்னம்மா, சின்ன வக்கீலம்மா கிளம்பியாச்சா?''ன்னார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பின்னாலேர்ந்து மேடம் குரல் கொடுத்தாங்க. ''அவ இன்ஜினீயர்ண்ணே!''

மீட்டிங்குக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. எட்டு ஸ்லைடு ரெடி. என் தப்பைச் சொல்ற ஸ்லைடு மட்டும் இன்னும் காலியாவே இருக்கு.