வாலாஜா பள்ளிவாசலின் மாலைப் பந்தி

திருவல்லிக்கேணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பார்த்தசாரதி கோயிலில் தொடங்குவார்கள். பாரதியார் வாழ்ந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவைத் தொட்டு, மேன்ஷன்களுக்கு வந்து முடித்துவிடுவார்கள். ஊரின் மறுபாதி நவாபுகள் உண்டாக்கியது. 1768இல் சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபுக்கு அரண்மனை எழும்பியது. அவரைச் சார்ந்து வாழ்ந்தவர்கள் சுற்றிலும் குடியேறினார்கள். 1795 வாக்கில் அந்தக் குடும்பமே வாலாஜா பெரிய பள்ளிவாசலைக் கட்டியது. உருதும் தக்காணிச் சமையலும் தமிழ் முஸ்லிம்களின் கஞ்சியும் ஒரே தெருவில் புழங்கும் இந்தப் பாதியை அறிய வெளியாளுக்கு ஏற்ற மாதம் ரமலான்தான். நோன்பின் விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, நோன்பு திறக்கும் பந்தியைக் கவனிப்பதே அதற்கு நல்ல வழி என்பது என் கட்சி.

விதிகளைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். வைகறையிலிருந்து சூரியன் மறையும்வரை உணவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. நோயாளிகள், பயணிகள், மாதவிலக்கில் இருக்கும் பெண்கள் விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தீராத நோயும் தள்ளாமையும் உள்ளவர்கள் அதற்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கலாம். பிறைக் கணக்கு ஆண்டுக்கு 10 அல்லது 11 நாள் முன்னே நகர்வதால், ஒருமுறை மார்கழியில் வரும் நோன்பு வேறொரு காலம் அக்னி நட்சத்திரத்தில் வரும். சென்னையில் அது ஏறத்தாழ 12½ மணி நேரத்துக்கும் 14 மணி நேரத்துக்கும் இடையில் ஏறி இறங்கும். இவ்வளவும் தெரிந்த பிறகும் நம்மவர்கள் கேட்பது "தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களா?" என்றுதான். அந்தக் கேள்வி நோன்பைத் தனியொருவரின் வயிற்று விஷயமாகவே பார்க்கிறது. தெருவில் தெரிவதோ வேறு. லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடியும்போதே பள்ளிவாசல் அண்டாவில் பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இறங்கிவிடும். பட்டை, கிராம்பு, இஞ்சி பூண்டு, புதினா, கொஞ்சம் கொத்துக்கறி எல்லாம் குழையக் குழைய வெந்து, தேங்காய்ப்பாலில் முடியும். அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு தூக்குச்சட்டிகள் வரிசைக்கு வரும். அதில் அக்கம்பக்கத்து இந்து வீடுகளின் சட்டியும் இருக்கும், யாரும் விசாரிப்பதில்லை. நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பவருக்கு அந்த நோன்பாளிக்குரிய நன்மையே உண்டு என்பது நபிமொழி. பசி ஒருவருடையதாக இருக்கலாம். அதை முடித்துவைக்கும் ஏற்பாடு ஊருடையது.

அந்த ஏற்பாட்டில் வெளியாளுக்கும் இடம் உண்டு என்பதற்கு வாலாஜா பள்ளிவாசலே சாட்சி. தேசப் பிரிவினையில் சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த், மயிலாப்பூரில் சூஃபிதார் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பின் சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக ரமலான் மாலைகளில் இங்கே உணவு கொண்டுவருகிறார்கள். சமைப்பது மயிலாப்பூரில், அதுவும் சைவம். தொப்பி அணிந்த தொண்டர்கள் வரிசையாகப் பரிமாறுவார்கள். இதைப் புதுமை என்று சொல்வதற்கில்லை. பள்ளிவாசலின் கல்லில் பொறித்திருக்கும் வாசகத்தின் எழுத்துகளுக்கு எண்மதிப்பிட்டுக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 என்று கட்டிய ஆண்டு வரும். அந்த வாசகத்தை அமைத்துக் கொடுத்தவர் நவாபிடம் முன்ஷியாக இருந்த ராஜா மக்கன் லால் என்ற இந்து.

பந்தியைப் பார்த்து நோன்பை அறிய முடியுமா, அது இறைவனுக்கான வணக்கமல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிய்யத் என்னும் நோக்கம் உள்ளத்தில் இருப்பது, அதை எந்த வெளியாளும் பார்த்துவிட முடியாது. பார்க்க முடிந்ததிலிருந்துதானே தொடங்க வேண்டும்? தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் அமைதி, எந்த விதி விளக்கத்தையும்விட வணக்கத்துக்கு நெருக்கமானது. இரண்டாவது ஆட்சேபணை இன்னும் கூர்மையானது. ஒரு பந்தியைப் படம்பிடித்து மதநல்லிணக்கம் என்று தலைப்பிடுவது நம் பத்திரிகைகளின் வருடாந்தரச் சடங்காகிவிட்டது. இதே திருவல்லிக்கேணியில்தானே விநாயகர் ஊர்வலம் வந்தால் ஐஸ் ஹவுஸ் பள்ளிவாசல் பக்கம் போலீஸைக் குவிக்க வேண்டியிருக்கிறது? உண்மை. ஊர்வலம் பகையை மூட்டுகிறது என்றால் பந்தி அதை ஒழித்துவிடும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஊர்வலம் வருவது ஒருநாள், பந்தி நடப்பது மாதம் முழுக்க. ஊரின் இயல்பை எதை வைத்து அளப்பது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

மூன்றாவது ஆட்சேபணை அரசு அரிசி பற்றியது. கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி தரும் திட்டம் ஜெயலலிதா ஆட்சியில் 2001இல் வந்தது. 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் ஒதுக்கியபோது அதை எதிர்த்து இந்து முன்னணி நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஒரு மதத்தின் சடங்குக்கு வரிப்பணமா என்ற கேள்வியைக் கேட்கக்கூடாது என்பதில்லை. ஆனால் அந்த அரிசி சடங்காக முடிவதில்லை, ஏழைகளின் தூக்குச்சட்டியில்தான் முடிகிறது. அந்த ஆண்டு கொரோனா ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் அரிசியாகவே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு ஆனது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்; பாரதி சாலையிலும் ஜாம் பஜாரிலும் அந்த நேரத்தில் வண்டி நகராது. நீங்கள் நோன்பு வைத்திருக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. பந்தியில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், பாங்கு கேட்கும்வரை மட்டும் கை வைக்காதீர்கள்.